மனுஷன் வேஷம் கேட்ட கூரைக்காரன்

வாரின் பெக் பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார்ந்தவன் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியில் முக்கும்போதே சாமியார் கையிலிருந்து நழுவி விழுந்தான் என்று அவன் தாய் சொல்வாள். அந்த அம்மாள் சொல்வதில் பாதி பொய். ஆனால் அவனைப் பார்த்தவர்கள் இதை மட்டும் நம்பினார்கள். பூசை நேரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். சாப்பிடும்போது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான். கூரை வேய்கிற வேலை அவனுக்குத் தோதாக அமைந்தது அதனால்தான். குதிரை மேல் ஏறின மாதிரி உச்சியில் ஏறிக்கொண்டு, கீழே போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்து ஏதாவது கத்திக்கொண்டிருக்கலாம். ஆட்டர்பியில் அவன் வேயாத வீடு குறைவு. அவன் வாயில் விழாத ஆள் அதைவிடக் குறைவு.

பெந்தகோஸ்து திருநாள் வந்தால் எங்கள் ஊரில் மனுஷன் கூத்து நடக்கும். பெரிய ஊர்களில் தச்சர்களும் கொல்லர்களும் நோவாவின் கப்பலையும் ஏரோது ராஜாவையும் போட்டுக் காட்டுவார்கள். ஆட்டர்பிக்கு ராஜாவும் கிடையாது, கப்பலும் கிடையாது. ஒரு மனுஷன்தான். அவனுக்குப் பேர்கூட இல்லை. மேடைக்கு இந்தக் கோடியில் அவன் வீடு, அந்தக் கோடியில் கோயில் கதவு. செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் புறப்படுகிறான். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஆனால் துர்புத்தி என்று ஒருவன் கூடவே ஒட்டிக்கொண்டு, "நாளைக்குப் போகலாம்யா" என்று ஒவ்வொரு எட்டுக்கும் இழுத்துப் பிடிக்கிறான். இளமை போய், பல் போய், கடைசியில் மாவு பூசின மூஞ்சியோடு சாவு வந்து நிற்கும்போதுதான் மனுஷன் ஓடிப்போய்க் கோயில் வாசலில் விழுகிறான்.

துர்புத்தி வேஷம் வருஷா வருஷம் வாரினுக்கு. முட்டியை அகட்டி, பின்புறத்தைத் தூக்கி, கோழி மாதிரிக் கழுத்தை வெட்டி வெட்டி அவன் நடக்கிற நடைக்கே பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வரும். மனுஷன் வேஷம் ஆஸ்பர்ட்டுக்கு. வண்டிச் சக்கரம் செய்கிறவன், நல்லவன், பேச ஆரம்பித்தால் கொட்டாவி வரும்.

கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. மனுஷன் வேஷம் போட்டவன் முட்டி போட்டு, கூத்துப் பாட்டிலே வராத ஒரு பாவத்தை, தான் நிஜமாகவே செய்த பாவத்தை, ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதே பாவத்தைச் செய்தவர்கள் கூட்டத்திலிருந்து "நானும்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆஸ்பர்ட் ஒவ்வொரு வருஷமும் சொன்னது ஒரே பாவம்தான். தபசுகாலத்தில் முட்டை தின்றானாம். ஊரே "நானும்" என்று கத்திவிட்டு பீர் பீப்பாய்ப் பக்கம் திரும்பிவிடும்.

துர்புத்தி வேஷத்தால் வாரினுக்கு வருஷம் பூராவும் பீர் கிடைத்தது. ஆனால் ஒரு தொல்லையும் கூடவே வந்தது. அவன் எதைச் சொன்னாலும் ஜனம் சிரித்தது. அவன் மாமியார் செத்த அன்று போய்ச் சொன்னதற்கே நாலு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "கிழவி எழுந்து வந்து உன்னை உதைக்கப் போறா பாரு" என்று கையில் ரொட்டி வேறு கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வருஷம், ஆண்டவர் பரலோகம் ஏறின திருநாளுக்கு முந்தின நாள், வழக்கம்போல வயல் எல்லையைச் சுற்றினார்கள். சிலுவை முன்னால், அதைத் தூக்கிக்கொண்டு சாமியார் ஹார்வி, பின்னால் மணி, கொடி, ஊர். எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் ஜெபம், ஜெபத்துக்கு ஜெபம் பீர். தானியத்தைக் காப்பாற்றச் சொல்லி சகல புனிதர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. பொழுது சாயும்போது பார்லி வயல் வழியாகத்தான் எல்லாரும் திரும்பினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் வயல் வழியில் இருந்த வேலிப் படல் திறந்து கிடக்கிறது, மேய்ச்சல் தரை மாடு அத்தனையும் பார்லிக்குள் நிற்கிறது. காலையில் மந்திரித்த வயலைச் சாயங்காலம் மாட்டுக்குக் கொடுத்த ஊர் இது.

படலை ஒட்டி இருந்த துண்டு சபீனா க்ரேக்குடையது. புருஷன் போய்ச் சேர்ந்தவள். மற்றவர்களுக்கு அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் நிலம் உண்டு. பாதி போனால் பாதி மிஞ்சும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு துண்டுதான். அதில் குளம்புக் குழியும் சாணியும்தான் மிஞ்சின.

படலைச் சாத்த வேண்டியவன் வயற்காவல்காரன் தர்ஸ்டன். தன் கழுத்துக்கு வருமுன் அவன் முந்திக்கொண்டான்.

"கடைசியா அந்தப் படல்கிட்ட இந்த வாரினைத்தான் பாத்தேன். இடுப்பை ஆட்டிக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு வந்தான். வெளையாட்டுக்குத் தொறந்து விட்டிருக்கான்."

ஊர் உடனே நம்பிவிட்டது. வாரின் செய்யக்கூடியதுதான் என்று அவனோடு பீர் குடித்தவனே சொன்னான்.

நிலமெல்லாம் மடத்துக்குச் சொந்தம். ஆகவே மடத்து மணியக்காரர் கச்சேரியில் வழக்கு. அங்கே சாட்சி, விசாரணை என்று நீட்டி முழக்க மாட்டார்கள். "நீ தொறக்கலைன்னா சுவிசேஷப் புத்தகத்து மேல கை வச்சுச் சொல்லு. இவன் சத்தியம் சுத்தமான சத்தியம்னு உன்னோட ஆறு பேர் கை வைக்கணும். நற்கருணைத் திருநாளுக்கு அடுத்த திங்கக்கிழமை. ஆறு கை வரலைன்னா நீதான் தொறந்தேன்னு அர்த்தம். வீடும் நிலமும் மடத்துக்கு" என்றார் மணியக்காரர்.

வாரின் அன்றைக்கே மாவு மில் ஃபல்க்கிடம் ஓடினான்.

"ஃபல்க் அண்ணே, எனக்கு ஒரு கை வேணும்."

"எதுக்குடா, முதுகு சொறியவா?"

"வெளையாடல அண்ணே. நெசமாத்தான் கேக்குறேன். நான் அந்தப் படலைத் தொடவே இல்ல."

"அதே மூஞ்சி!" என்று ஃபல்க் தொடையைத் தட்டினான். "மேடையில 'நெசமாத்தான் சொல்றேன் மனுஷா'ன்னு சொல்லுவியே, அச்சு அசல் அதே மூஞ்சி. ஏ, இங்க வாங்கடி, இவனைப் பாருங்க!"

ஃபல்க்கின் பெண்டாட்டியும் மகளும் மாவுக் கையோடு வந்து பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் அந்த நடையை ஒரு தடவை நடந்து காட்டினால் யோசிக்கிறேன் என்றார்கள். அவனும் கையாலாகாமல் நடந்து காட்டினான். சிரித்து முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவன் பெண்டாட்டி எம்மட் பட்டாணிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "நீ அழுதாலும் அவுங்க சிரிப்பாங்கய்யா. கலியாணத்தன்னிக்கு நீ 'சம்மதம்'னு சொன்னப்ப எங்கப்பனே சிரிச்சாரு."

"நீயும்தான் சிரிச்ச."

"நான் பயத்துல சிரிச்சேன்."

அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டின் கூரையைத் தலைகீழாக வேய்ந்து, திரும்பப் பிரித்தான். திறக்காத படலுக்காக மட்டும் அவன் இப்படி அலையவில்லை. இன்னொன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அதை எம்மட்டிடம்கூட அவன் சொல்லவில்லை.

எல்லை சுற்றின அன்று சாயங்காலம் அவன் வரும்போதே படல் திறந்துதான் கிடந்தது. அதை நட்ட கம்போடு சேர்த்துப் பிடிக்கிற, காட்டுக்கொடியில் முறுக்கின வளையம் கழன்று சேற்றில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். குனிந்து எடுத்து மாட்ட ஒரு மூச்சு நேரம் ஆகாது. ஆனால் அப்போது அவன் துர்புத்தி நடை நடந்துகொண்டிருந்தான். பின்னால் ஒரு கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. நின்று குனிந்தால் சிரிப்பு அறுந்துபோகும். சிரிப்பை விட மனசு வரவில்லை. வளையத்தைத் தாண்டிக் கால் வைத்துப் போய்விட்டான்.

இதை வெளியே சொல்ல முடியுமா? பார்த்தேன் என்றால், திறந்தேன் என்றே எழுதிக்கொள்வார்கள். சத்தியம் பண்ணும்போது "நான் திறக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய் இல்லை. பொய் இல்லாத அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பினான்.

இதற்கு நடுவில் ஆஸ்பர்ட்டுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிக்கொண்டது. தாடை பூசணி மாதிரி ஆகி, துணியால் தலையோடு கட்டிக்கொண்டு திரிந்தான். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கூத்துக்கு மனுஷன் இல்லை. வாரின் சாமியாரிடம் போனான்.

"சாமி, மனுஷன் வேஷத்தை எனக்குக் குடுங்க."

சாமியார் ஹார்வி ரொட்டியும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார். சிரித்ததில் புரை ஏறிவிட்டது.

"மனுஷன் அழணும்டா."

"அழுவேன் சாமி."

"உன்னைப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது. நான் பட்டம் வாங்கின ஆளு. பாமர ஜனம் என்ன பண்ணும்?"

"அதுக்குத்தான் சாமி கேக்குறேன். ஒரே ஒரு தடவை இவங்க என்னை மனுஷனாப் பாக்கணும். பாத்தாத்தான் கை வரும். இல்லன்னா வீடு போயிரும். எம்மட்டையும் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

சாமியார் மெல்லுவதை நிறுத்தினார். மனுஷன் பாட்டு முழுசும் மனப்பாடமாகத் தெரிந்த வேறு ஆள் ஊரில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"சரி, கட்டிக்க. துர்புத்திக்கு ஆள் கெடைச்சிருச்சு. தர்ஸ்டன் தானாவே வந்து கேட்டான்."

வாரின் சட்டை வாங்க ஆஸ்பர்ட் வீட்டுக்கு ஓடினான்.

ஆஸ்பர்ட்டின் வெள்ளைச் சட்டை வாரினுக்குத் தொளதொளவென்று கிடந்தது. எம்மட் அதைப் பிடித்துத் தைத்தாள்.

"கடைசியில சொல்றதுக்கு என்ன பாவம் வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"பூசையில தூங்குறது."

"த்தூ. அதுக்கு நாய்கூட 'நானும்'னு கத்தும். கொஞ்சம் கனமா சொன்னாத்தான் மதிப்பாங்க."

"நீயே ஒண்ணு குடு."

"பொண்டாட்டியை அடிச்சேன்னு சொல்லேன்."

"நான் எப்படி உன்னை அடிச்சேன்? நீதானடி போன மாசம் தொடப்பத்தால என்னை..."

"அதை நான் வேஷம் கட்டுறப்ப சொல்லிக்கிறேன். ஆடாம நில்லுய்யா, ஊசி குத்தும்."

ஊசி குத்தியது. அவனால் ஆடாமல் நிற்க முடியவில்லை.

பெந்தகோஸ்து திங்கட்கிழமை நல்ல வெயில். கோயில் புல்தரையில் இரண்டு வண்டிகளைச் சேர்த்துப் போட்டு மேலே பலகை அடித்திருந்தார்கள். ஜனம் தரையில் உட்கார்ந்தது. சபீனா க்ரேக் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பீப்பாயைத் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வாரின் வெறும் காலோடு, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். அவ்வளவுதான், கூட்டம் உருண்டது.

"நான் மனுஷன். மண்ணிலிருந்து வந்தவன்" என்று ஆரம்பித்தான்.

"இல்லடா, கூரையிலேருந்து வந்தவன்!" என்று பின்னாலிருந்து ஒருவன்.

அழ வேண்டிய இடத்தில் அழுதான். நிஜக் கண்ணீர். மூக்கு ஒழுகியது. "அய்யோ, முடியலடா சாமி" என்று ஒரு பெண் விலாவைப் பிடித்துக்கொண்டாள். அவன் தொண்டையை எவ்வளவு அடக்கிப் பேசினானோ அவ்வளவு சிரித்தார்கள் என்றால், அதற்கு மேல் அவன் செய்ய ஒன்றுமில்லை.

தர்ஸ்டனுக்கோ பாட்டு ஒன்றும் நினைவில் இல்லை. "நாளைக்குப் போகலாம்" என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, கட்டை மாதிரி நின்று, எது கேட்டாலும் அதையே சொன்னான். அவனைப் பார்த்து ஒரு ஈகூடச் சிரிக்கவில்லை. "வாரினு, நீயே ரெண்டையும் சொல்லுடா! அந்த நடையை ஒரு தரம் நட!" என்று கத்தினார்கள். வாரினின் முட்டி தானாக மடங்கப் பார்த்தது. இடுப்பு தானாகத் தூக்கப் பார்த்தது. ஒரு தடவை நடந்தால் போதும், எல்லாரும் அவன் பக்கம். பலகையில் கால் விரல்களை அழுத்தி நின்றான்.

சிரிப்பு வராத ஆத்திரத்தில் தர்ஸ்டன் பாட்டை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தான்: "மனுஷா, போற வழியில ஒரு படல் இருக்கு. மறக்காமத் தொறந்து விட்டுட்டுப் போ!"

அதற்கு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, காக்கைகள் மரத்தை விட்டுப் பறந்தன. தர்ஸ்டன் குனிந்து வணக்கம் வேறு போட்டான்.

ஃபல்க் சாவாக வந்தான். அவனுக்கு மாவு பூச வேண்டிய வேலை இல்லை. மனுஷன் நடுங்கினான், சிரித்தார்கள். ஓடினான், சிரித்தார்கள். கோயில் கதவின் முன்னால் முட்டி போட்டு விழுந்தான், விழுந்த சத்தத்துக்கும் சிரித்தார்கள். சாமியார் ஹார்வி கதவண்டை நின்று கேட்டார்: "மனுஷா, உன் சொந்தப் பாவம் என்ன?"

பூசையில் தூங்கினேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். எதிரே வாளி மேல் சபீனா. கூட்டம் பூராவும் ஆடுகிறது, அவள் மட்டும் ஆடவில்லை. நகர மறுக்கிற மாட்டைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போது ஏதாவது சொன்னாள் என்றோ கண்ணீர் விட்டாள் என்றோ நினைக்க வேண்டாம். சும்மா பார்த்தாள்.

"பார்லி வயப் படல் தொறந்து கெடந்ததை நான் பாத்தேன்" என்றான் வாரின். "பாத்துட்டுச் சாத்தாமப் போனேன்."

கூட்டம் சிரித்தது. நல்ல வேடிக்கை என்று நினைத்தது. எம்மட் மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கொடி வளையம் கழண்டு கீழ கெடந்துச்சு" என்று அவன் மறுபடி சொன்னான். கத்தவில்லை. "பாதி சேத்துல புதைஞ்சு, பாதி மேல தெரிஞ்சுச்சு. அதைத் தாண்டிக் கால் வச்சேன். நீங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. குனிஞ்சா சிரிப்பு போயிரும்னு குனியல. நான் தொறக்கல. ஆனா சாத்தல."

சிரிப்பு ஒரே அடியாக நிற்கவில்லை. இங்கே ஒன்று அங்கே ஒன்றாக அணைந்தது. பாதி புதைந்து பாதி மேலே தெரிந்த வளையத்தை அந்த வழியாக வந்த எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதைச் சொன்ன பிறகு எப்படிச் சிரிப்பது? அவரவர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ ஒரு குழந்தை ரொட்டி கேட்டது, அதன் தாய் அதட்டினாள்.

"ஆவும்" என்று ஒரு சத்தம் வந்தது.

யார் என்று திரும்பினார்கள். ஆஸ்பர்ட். தாடைக் கட்டை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தான்.

"நானும்! இவனுக்கு முன்னாலயே நான் அந்த வழியா வந்தேன். அப்பவே வளையம் கீழதான் கெடந்துச்சு. சட்டை சேறாயிரும்னு குனியல." இவ்வளவும் சொல்லிவிட்டு வலியில் துள்ளினான்.

மேடையில் நின்ற சாவு தொண்டையைக் கனைத்தது. "நானும். கையில பீர்க்குடம் இருந்துச்சு" என்றான் ஃபல்க்.

"நானும்" என்றாள் எம்மட். "இந்த ஆளுக்குப் பின்னாலதான் வந்தேன். நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

பிறகு அங்கங்கே எழும்பியது. சிலர் உரக்க, சிலர் தாடிக்குள். ஒருவன் சொல்லிவிட்டு உடனே பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். கடைசியில் சாமியார் ஹார்வி, முகம் பீட்ரூட் மாதிரிச் சிவக்க, "நானும். கையில சிலுவை இருந்துச்சு" என்றார்.

சாயங்காலம் திரும்பும்போதும் சிலுவைதான் எல்லாருக்கும் முன்னால் வந்தது. சிலுவைக்கு முன்னாலேயே படல் திறந்திருந்தது என்றால், காலையில் சிலுவைக்கு வழிவிட அதைத் திறந்தவன் சாத்தவே இல்லை என்று அர்த்தம். திறந்தவன் வயற்காவல்காரன். ஊர் மொத்தமும் துர்புத்தி வேஷத்தைத் திரும்பிப் பார்த்தது.

தர்ஸ்டன் வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். "நாளைக்கு..." என்றான்.

அன்று அவனுக்குக் கிடைத்த சிரிப்பு வாரினுக்கு ஆயுசிலேயே கிடைத்திருக்காது.

சபீனா எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டாள். "அப்ப ஊரு பூராவும் பாத்துட்டுத்தான் போயிருக்கீங்க. நல்லா இருங்கடா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இறக்கை கட்டிச் சம்மனசு வேஷம் போட்ட இரண்டு பயல்கள் கூத்து முடிவில் மனுஷனைத் தூக்கி மோட்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் அவளையே பார்த்துக்கொண்டு மறந்துபோய் நின்றார்கள். வாரின் தானாக எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கோயில் கதவுக்குள் போனான்.

இனி ஆறு என்ன, அறுபது கை வரும் என்று நினைத்து அன்று நன்றாகச் சாப்பிட்டான். மறுநாளே தெரிந்துவிட்டது. படலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று மணியக்காரர் சொன்னதாக ஊருக்குள் பேச்சு வந்தது. வந்ததும் கைகள் எல்லாம் அவரவர் அக்குளுக்குள் போய்விட்டன.

"கூத்துல சொன்னது கூத்தோட போச்சுடா" என்றான் தோல் பதனிடுகிற கிப். "அது பலகை மேல. இது புத்தகத்து மேல."

"பாவம் ஒண்ணுதானே அண்ணே?"

"நீ இப்பல்லாம் சாமியார் மாதிரிப் பேசுற. முன்ன மாதிரி இருந்தப்பதான் நல்லா இருந்த."

சாமியார் கை கணக்கில் வராது. கோயில் ஆள் மடத்துக் கச்சேரியில் சத்தியம் பண்ணக் கூடாதாம். எம்மட் கையும் வராது, பெண்டாட்டி கை. வாரின் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்து நடந்து வாசல் புல்லைத் தேய்த்தான். எம்மட் சட்டி பானைகளை மூட்டை கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

மணியக்காரர் குறித்த திங்கட்கிழமை கச்சேரிக் கூடம் நிறைந்திருந்தது. தங்கள் பேர் வருமோ என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். மணியக்காரர் புத்தகத்தைத் திறந்து வைத்தார். வாரின் கை வைத்தான். ஆஸ்பர்ட் வந்தான், பல்லைப் பிடுங்கியிருந்தான், முகம் சிறுத்திருந்தது. ஃபல்க் வந்தான். ஆஸ்பர்ட் சொன்னதற்காக அவன் தம்பியும் மச்சானும் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை.

"நாலு" என்றார் மணியக்காரர். "இன்னும் ரெண்டு?"

கிப் கூரை உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தான். வாரினின் கை புத்தகத்தின் மேல் இருந்தது, கால் மட்டும் ஓடப் பார்த்தது.

"எசமான், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று சபீனா எழுந்தாள்.

"நஷ்டப்பட்டவ நீ, உன் கை செல்லாது அம்மா."

"என் கையை யாரு குடுத்தா? வாயைத்தான் குடுக்குறேன். இவன் வீட்டை எடுத்தா அது மடத்துக்குப் போகும். எனக்கு என்ன வரும்? அவன் வீட்டுக் கூரை வைக்கோலைத் திங்கவா? என் பார்லியை மிதிக்க விட்டது ஒருத்தன் இல்ல. 'நானும், நானும்'னு தொண்டை கிழியக் கத்துனானுங்க, நான் முன்னாலதான் உக்காந்திருந்தேன். யார் யாருன்னு மூஞ்சி மறக்கல. கிப்பு, மேல என்னடா பாக்குற? உன் குரல்தான் பெருசாக் கேட்டுச்சு."

கூடத்தில் யாரோ களுக்கென்றார்கள். கிப் திட்டிக்கொண்டே வந்து கையை வைத்தான். வைத்த வேகத்தில் புத்தகம் நகர்ந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றார் மணியக்காரர்.

சபீனா மெதுவாகத் தர்ஸ்டன் பக்கம் திரும்பினாள். "காலையில சிலுவைக்குப் படலைத் தொறந்தது யாருன்னு நான் இப்பக் கேக்கட்டுமா, வேண்டாமா?"

தர்ஸ்டன் கதவைப் பார்த்தான். பிறகு வந்தான். ஆறாவது கையாகத் தன் கையை வைத்தான்.

மணியக்காரர் புருவத்தைத் தூக்கினார். "நீதானேய்யா இவன் மேல குத்தம் சொன்னே?"

"பொழுது சாஞ்சிருச்சு எசமான். கண்ணு சரியாத் தெரியல."

வாரின் தப்பினான். வீடு தப்பியது. ஆனால் மணியக்காரர் அதோடு புத்தகத்தை மூடவில்லை. படலைப் பார்த்துவிட்டுப் போன ஒவ்வொருவனும் அறுப்பு முடிந்ததும் சபீனாவுக்கு ஒரு மரக்கால் பார்லி அளக்க வேண்டும் என்று எழுதினார். தர்ஸ்டனுக்கு இரண்டு. பேர்களை அவள்தான் சொன்னாள், ஒன்றுவிடாமல்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் வாரினுக்கு ஏச்சு. "உன் வாயால ஊரே தண்டம் கட்டுறோம்டா." "தூங்குனேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" "முட்டை தின்னேன்னு சொல்லேண்டா, முட்டாப்பயலே." ஆறு கை கொடுத்தவர்களும் அதில் சேர்ந்துதான் ஏசினார்கள். அறுப்பு முடிந்து சபீனா வீட்டில் அளந்த அன்று வாரினும் தன் மரக்காலைக் கொண்டுபோய்க் கொட்டினான். "மரக்காலைத் தட்டி அள" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த பெந்தகோஸ்துக்கு அவன் பழையபடி துர்புத்தி கட்டினான். அதே நடை, அதே கோழிக் கழுத்து. சிரித்தார்கள், சிரிக்காமல் இல்லை. ஆனால் நடுவில் சிரிப்பு ஒரு மாதிரி நின்று நின்று வந்தது. இவன் எந்த நேரத்தில் எதைச் சொல்லித் தொலைப்பானோ என்று பயந்து பயந்து சிரித்தார்கள். அது அவனுக்கு உடனே தெரிந்தது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேஷத்தை விட்டுவிட்டான்.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்து சேர்ந்தது. வாரின் கை வைத்தால் மணியக்காரர் மறுபேச்சுப் பேசுவதில்லை என்று ஊர் கண்டுபிடித்தது. வாத்து காணோம், வேலி நகர்ந்தது, பீரில் தண்ணீர் கலந்தது, எதற்கும் அவன் வாசலுக்கு வந்தார்கள். ஒரு நாள் அவன் கிப்பின் வீட்டுக் கூரையில் இருக்கும்போது கிப் கீழே வந்து நின்றான்.

"வாரினு, திங்கக்கிழமை ஒரு கை வேணும்டா."

"எதுக்கு?"

"ஃபல்க்கோட பன்னிக்குட்டி ஒண்ணு செத்துப்போச்சு. என் நாய் கடிச்சதாம். என் நாய் கடிக்கல."

"கடிக்கலையா?"

"என் நாய் கடிக்கலடா. வேற நாய்."

"வேற நாய் கடிச்சப்ப நீ எங்க இருந்த?"

கிப் ஏணிக் காலை உதைத்தான். "பக்கத்துலதான் இருந்தேன். அதுக்கென்ன இப்ப?"

"அதையும் சேத்துச் சொல்றதா இருந்தா வர்றேன்."

கிப் அவனையும் அவன் அப்பனையும் அவன் வேய்ந்த கூரைகளையும் ஒன்றாகத் திட்டினான். திட்டிவிட்டுப் போனான். போகும்போது ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வாரின் கத்தினான். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தார்கள். சாயங்காலம் அவனைத் தேடிக்கொண்டு எம்மட் வந்தாள். கூரை உச்சியில் புருஷனையும், சுவரில் ஏணி சாய்ந்திருந்த தடத்தையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காதடி. போய் ஏணி கொண்டா."

"இருய்யா," என்றாள் அவள், தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முழுசாச் சிரிச்சு முடிச்சிட்டுப் போறேன்."